பதிவேட்டில் இடம்பெறாத பணிகள்

பள்ளி ஆண்டுவிழா நெருங்கும்போது ஆசிரியர் கூட்டத்தில் பணிகள் பங்கிடப்படுவது வழக்கம். வாயிலில் கோலமிடுதல், குத்துவிளக்கை அணிசெய்தல், சந்தனமும் கற்கண்டும் வைத்து விருந்தினரை வரவேற்றல், மாணவியர்க்கு நடனம் பயிற்றுவித்தல் ஆகியவை ஆசிரியைகளின் பெயருக்கு எதிரே எழுதப்படும். மேடை அமைத்தல், நாற்காலிகளை இறக்குதல், ஒலிபெருக்கி ஏற்பாடு ஆகியவை ஆண் ஆசிரியர்களின் பெயருக்கு எதிரே எழுதப்படும். எவருக்கு எது இயலும் என்று யாரும் கேட்பதில்லை. எழுதுகோல் தானாகவே நகர்கிறது.

விழா ஆண்டுக்கு ஒருமுறை வருவது. நாள்தோறும் நிகழ்வன வேறு. காய்ச்சலுற்ற குழந்தையைப் பெற்றோர் வரும்வரை பார்த்துக்கொள்ளுதல், முதன்முறை பூப்பெய்தி அஞ்சி நிற்கும் மாணவியைத் தேற்றுதல், விளையாட்டுப் போட்டிக்குச் செல்லும் மாணவியர்க்குத் துணையாகச் செல்லுதல், இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் வரும் பெற்றோரின் வினாவிற்கு விடையளித்தல் என அவை நீளும். இவை தேவையற்ற பணிகள் அல்ல. இவையின்றிப் பள்ளி ஒருநாளும் நடவாது. ஆயினும், இவற்றுக்குப் பாடவேளையும் இல்லை, படியும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியருக்குப் பாடத் தயாரிப்பையும் சேர்த்து வாரத்திற்குக் குறைந்தது 45 மணிநேரப் பணி என்று வரையறுக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்றும் கூறுகிறது. தாய்போல் இருத்தல் எந்தக் கணக்கில் சேரும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

இந்த எதிர்பார்ப்பின் வேர்களுள் ஒன்றைப் புதுச்சேரியின் வரலாற்றிலேயே காணலாம். 1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் பிரான்சிலிருந்து இங்கு வந்து பெண்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினர். 1844இல் அருட்தந்தை துய்ப்புய், உள்நாட்டுப் பெண்களைக் கொண்டே பெண்கல்விக்கென ஒரு கன்னியர் சபையை நிறுவினார். எழுத்தறிவு பெண்களுக்கு எட்டாதிருந்த காலத்தில் அவர்கள் ஆற்றிய பணி பெரிது. அவர்கள் இல்லறத்தையும் தனியுடைமையையும் துறந்தவர்கள்; நேரம் முழுவதையும் பள்ளிக்கே அளித்தவர்கள். பின்னாளில் ஊதியம் பெறும் ஆசிரியைகள் வந்தனர். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. துறவியர்க்குரிய அளவுகோல் மட்டும் மாறாமல் அவர்கள்மீதும் வைக்கப்பட்டது. ஆசிரியப் பணி அறப்பணி என்று இன்றும் பெருமையோடு சொல்கிறோம். அப்பெருமை, கூலி கேட்கத் தயங்கும் நிலையையும் உடன் கொண்டுவருவதை நாம் கவனிப்பதில்லை. பிற நாடுகளும் இதில் விலக்கல்ல. மணம் முடித்த ஆசிரியை பணியிலிருந்து விலக வேண்டும் என்ற தடை இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால்தான் நீங்கியது.

பெண்களுக்கு இயல்பிலேயே பொறுமையும் பரிவும் மிகுதி, ஆதலால் அவர்களே முன்வருகின்றனர் என்பர். இதனை ஆராய்ந்த லிண்டா பாப்காக் முதலிய நால்வர் 2017இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மூவர் கொண்ட குழுவில் யாரேனும் ஒருவர் முன்வந்தால் அனைவருக்கும் நன்மை. முன்வருபவருக்கு மட்டும் மற்ற இருவரைவிடக் குறைந்த தொகை. இருபாலரும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக முன்வந்தனர். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ இவ்வேறுபாடு மறைந்துபோயிற்று. இயல்புதான் காரணமென்றால் அது குழுவுக்குக் குழு மாறுமா? பெண்கள் மட்டுமே பணிபுரியும் மகளிர் பள்ளியைப் பாருங்கள்; அங்கே நாற்காலியை இறக்குவோரும் ஒலிபெருக்கியைச் சரிசெய்வோரும் ஆசிரியைகளே.

வீட்டின் கணக்கையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். புதுவைப் பாவேந்தர் பாரதிதாசன் 37 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். அவர் 1942இல் வெளியிட்ட 'குடும்ப விளக்கு' நூலின் முதற்பகுதி, தங்கம் என்னும் பெண்ணின் ஒருநாள் வேலைகளையே பாடுபொருளாகக் கொண்டது. கோலம், சமையல், பிள்ளைகளின் படிப்பு, தையல், கணவனது கடையில் வணிகம் என அவள் நாள் விடியுமுன் தொடங்குகிறது. வீட்டுவேலையை ஒவ்வொன்றாக எண்ணிக் காவியமாக்கியது புதுமையே. எனினும், அத்தனையையும் அவள் ஒருத்தியே சுமக்கிறாள் என்பதும் அந்நூலில் தெரிகிறது. இன்றைய ஆசிரியை தங்கத்தின் நாளுக்குள் எட்டுப் பாடவேளைகளையும் அடைத்தாக வேண்டும்.

இழப்பு களைப்போடு முடிவதில்லை. விழாவும் வரவேற்பும் ஒருவரின் மாலைகளை எடுத்துக்கொள்ளும்போது, மேற்படிப்புக்கும் துறைத்தேர்வுக்கும் உரிய நேரம் அங்கேதான் கரைகிறது. பதவி உயர்வுக்கான தகுதிகளுள் கோலத்திற்கு இடமில்லை. ஆண் ஆசிரியர்களுக்கும் இதில் இழப்புண்டு. அழும் மாணவனின் அருகில் அமர்ந்து பேச விரும்பும் ஆசிரியரிடம், 'அதை டீச்சர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லி மேசையைத் தூக்க அனுப்பினால், அம்மாணவன் பரிவுள்ள ஓர் ஆணைக் காணும் வாய்ப்பை இழக்கிறான்.

இந்தியப் பள்ளி ஆசிரியர்களில் இன்று பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். மேனிலை வகுப்பு மாணவியரிடம், ஆசிரியர் வேலை பெண்ணுக்கு ஏற்றது, மாலையில் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டினர் சொல்வதுண்டு. அதே வீட்டில் படிக்கும் மகனிடம் அவ்வாறு சொல்வதில்லை. சில பள்ளிகளில் விழாப் பணிகளைச் சுழற்சி முறையில் பெயர் வரிசைப்படி பங்கிடுகின்றனர். அங்கே கோலமாவுக் கிண்ணம் கணித ஆசிரியரின் கைக்கும் வருகிறது, முதற்கோடு சற்றுக் கோணலாக விழுகிறது, மாணவர்கள் சிரிக்கின்றனர், அடுத்த ஆண்டு அது நேராகிவிடுகிறது.