'அது எனக்கே தெரியாதே ப்ரோ!' ஆபீஸில் சிலர் மட்டும் வேலையைச் சொல்லித் தராதது ஏன்?

ஆபீஸில் ஒரு எக்செல் ஷீட்டில் சிக்கிக்கொண்டால் பக்கத்து சீட்டில் இருப்பவரைத்தான் கேட்போம். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பொறுமையாகக் காட்டித் தருவார். இன்னொருவர் "அய்யோ, அது எனக்கே தெரியாதே" என்பார். அவருக்குத் தெரியும். அது நமக்கும் தெரியும்!

இந்த மழுப்பலைப் பற்றி 2012-ல் கேதரின் கான்னலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'அறிவை மறைத்தல்'. "அப்புறம் அனுப்புறேன்" என்று இழுத்தடிப்பது ஒரு வகை. தெரியாத மாதிரி நடிப்பது இரண்டாவது. "மேனேஜர் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்கார்" என்று காரணம் சொல்வது மூன்றாவது. இந்த மூன்றாவதில் பொய்யே இல்லாமலும் இருக்கலாம். கேட்பவர் மீது நம்பிக்கை இல்லாவிட்டால் மறைப்பது கூடுகிறது என்பதுதான் ஆய்வில் தெரியவந்த முக்கியமான விஷயம்.

அப்போ, குணத்துக்கு என்ன வேலை?

உளவியலில் 'பிக் ஃபைவ்' எனப்படும் ஐந்து அடிப்படைக் குணங்களில் ஒன்று, இணக்கம். மற்றவர்களை எந்த அளவுக்கு நம்புகிறோம் என்பதே அதில் ஒரு கிளை. சிலர் எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடுவார்கள். சிலருக்கு எல்லார் மேலும் ஒரு சந்தேகம்.

ஆனால் எல்லாமே சுபாவம்தானா? மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூவர் 1995-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, எதிரில் இருப்பவரைப் பற்றி எதுவும் தெரியாதபோதுதான் சுபாவத்தின் கை ஓங்கியிருக்கும். பழகப் பழக மனசு மூன்று விஷயங்களைப் பார்க்க ஆரம்பிக்கும். இவருக்கு வேலை தெரியுமா? நமக்கு நல்லது நினைப்பவரா? பேச்சு மாறாதவரா?

மறைப்பவரை எல்லாம் கெட்டவர் என்று சொல்லிவிடவும் முடியாது. கான்ட்ராக்ட் முடிய மூன்று மாதம் இருக்கும்போது, தனக்கு மட்டும் தெரிந்த வேலையைப் புதியவருக்குக் கற்றுத்தரச் சொன்னால் யாருக்குத்தான் தயக்கம் இருக்காது?

ஜெராக்ஸ் செய்த வேலை

முகம் தெரியாதவரை எப்படி நம்புவது? 1990-களில் ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு வந்த சிக்கல் இதுதான். மெஷின் ரிப்பேர் செய்யும் டெக்னீஷியன்கள், மேனுவலில் இல்லாத பல வழிகளை வேலையிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். அவற்றைச் சேர்த்துவைக்க 'யுரேகா' என்ற டேட்டாபேஸ் வந்தது. ஒருவர் எழுதிய குறிப்பை அனுபவமுள்ள இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அது எல்லோருக்கும் போகும்.

குறிப்புக்குக் காசு தரலாம் என்ற யோசனையும் வந்தது. டெக்னீஷியன்களே வேண்டாம் என்றார்கள். காசு வந்தால் தரம் போய், எத்தனை குறிப்பு என்ற எண்ணிக்கைதான் மிஞ்சும் என்பது அவர்கள் கவலை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு குறிப்போடும் எழுதியவரின் பெயர் போனது.