அரை நாளில் குவாங்சோ: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

வியாபார விஷயமாகச் சீனா போய்வருபவர்களுக்குக் குவாங்சோ புதிய பெயர் இல்லை. 1957 முதல் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் ‘கான்டன் கண்காட்சி’ இந்த ஊரில்தான். கண்காட்சி அரங்கு, மொத்த விலைக் கடைகள், ஹோட்டல் அறை என்று பயணமே முடிந்துவிடும். “ஊரைச் சுத்திப் பாத்தீங்களா?” என்று வீட்டில் கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. விமானம் ஏறும் முன் ஒரு காலைப்பொழுது கிடைத்தாலும் போதும், கைடுடன் அரை நாள் சுற்றி வரலாம்.

1.8 கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊரை நாலைந்து மணி நேரத்தில் முழுசாகப் பார்க்க முடியாது. 600 மீட்டர் உயரக் கான்டன் டவரைத் தாராளமாக விட்டுவிடலாம். இரவில் விளக்கு எரியும்போது அது தூரத்திலிருந்தே தெரியும். காலை நேரத்தைப் பழைய ஊருக்குக் கொடுப்பதுதான் லாபம்.

யூஷியு பூங்காவில் ஐந்து ஆடுகளின் கற்சிலை இருக்கிறது. ஐந்து தேவர்கள் ஆடுகளின் மேல் வந்து நெற்கதிர் கொடுத்து, ‘இங்கே பஞ்சமே வராது’ என்று வரம் தந்தார்களாம். அதனால் இது ‘ஆட்டு நகரம்’. போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அடுத்தது ‘ஆறு ஆலமரக் கோயில்’. கி.பி. 537-ல் தோன்றிய பௌத்தக் கோயில் இது. 1100-ல் இங்கு வந்த கவிஞர் சு ஷி, ஆறு ஆலமரங்களைப் பார்த்து மகிழ்ந்து எழுதிக் கொடுத்த இரண்டு எழுத்துகளே கோயிலின் பெயராகிவிட்டன. அந்த மரங்கள் இன்று இல்லை. இங்குள்ள 57 மீட்டர் பகோடா வெளியிலிருந்து பார்த்தால் 9 மாடி, உள்ளே 17 மாடி!

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் சென் குல மண்டபம். குவாங்டாங் மாகாணத்தின் 72 வட்டங்களைச் சேர்ந்த சென் குடும்பத்தார் பணம் போட்டுக் கட்டியது. அரசுத் தேர்வு எழுத நகரத்துக்கு வரும் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்குவதற்கு இடம் வேண்டுமே! 1894-ல் 19 கட்டடங்களோடு வேலை முடிந்தது. 1905-ல் அந்தத் தேர்வு முறையையே அரசு ஒழித்துவிட்டது. எத்தனை கனவுகளோடு கட்டியிருப்பார்கள்! இப்போது இது நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். நம் கோபுரங்களின் சுதைச் சிற்பங்களைப் போலக் கூரை முகட்டில் வரிசை கட்டி நிற்கும் பீங்கான் பொம்மைகளைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும்.

‘ஏழாம் அறிவு’ பார்த்தவர்கள் ஹுவாலின் கோயிலைத் தவறவிடக் கூடாது. தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாக வந்த போதிதர்மர் கரையேறிய இடம் இதுதான் என்பது சீன மரபு. ஆறு இப்போது தள்ளிப் போய்விட்டது. சுற்றிலும் பச்சை ஜேட் கல் கடைகள்தான்.

கடை என்றதும் ஓர் எச்சரிக்கை. டூர் மலிவாக இருந்தால், கோயிலைவிடக் கடையில் அதிக நேரம் நிறுத்துவார்கள். கைடுக்குக் கமிஷன் உண்டு. பதிவு செய்யும்போதே ‘ஷாப்பிங் நிறுத்தம் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘வோ ச்சி சூ’ என்ற மூன்று சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். ‘நான் சைவம்’ என்று அர்த்தம். ஆவியில் வெந்த அரிசி மாவுச் சுருளைப் பார்த்ததும் நம்ம ஊர்ப் பலகாரம் போலத் தோன்றும். உள்ளே இறாலோ பன்றி இறைச்சியோ இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஷாமியான் தீவு. 1859-ல் பிரிட்டனும் பிரான்சும் குத்தகைக்கு எடுத்துப் பங்கு போட்டுக்கொண்ட மணல்திட்டு. ஐரோப்பிய பாணிக் கட்டடங்களின் முன் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கோயிலில் காணாத ஆலமரங்கள் இங்கே நிழல் விரித்து நிற்கின்றன.

தீவின் வடக்கே வாய்க்காலுக்கு அப்பால் உள்ள சாலையின் பெயர் ‘ஆறு-இரண்டு-மூன்று’. அது ஒரு தேதி. 1925-ம் ஆண்டு ஆறாம் மாதம் 23-ம் நாள், அந்தக் கரையில் ஊர்வலமாகப் போன சீனர்களை நோக்கித் தீவிலிருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படையினர் சுட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். கைடு இதைச் சொல்லாமல் வேனில் ஏறச் சொன்னால், அந்தச் சாலை எங்கே என்று நீங்களே கேளுங்கள். வாய்க்காலைத் தாண்டினால் வந்துவிடும்.