வெங்கடேஷ் முதல் வியாசர்பாடி நந்தா வரை... ஈஸ்ட் பெங்கால் ஓரத்தில் பறந்த கால்கள்!

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை சாயங்காலம். கனகம்மாசத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரே ஒரு போன், அதைச் சுற்றி நாலு தலைகள். வெளியே திருப்பதி பஸ்களின் ஹாரன். உள்ளே கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தின் கூச்சல். டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிக்கொண்டிருந்தன.

60-வது நிமிடம். வலது ஓரத்தில் பந்தை வாங்கிய ஒரு பையன், எதிரே வந்த அனிருத் தாப்பாவை ஏமாற்றி உள்ளே வெட்டுகிறான். இடது காலால் வளைத்து ஓர் உதை. கோல்!

என் பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். மூட்டு வலிக்காரர். காலையில்தான், "என்னால எழுந்திருக்க முடியலப்பா" என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பையன் நந்தகுமார் சேகர். ஊர், சென்னை வியாசர்பாடி. 2019 ஜனவரிக்குப் பிறகு மோகன் பகானை ஒருமுறைகூட ஜெயிக்க முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு, அந்த 1-0 வெற்றியைக் கொடுத்தவர் நம்மூர்க்காரர்.

திருத்தணி மலை தெரியும் ஊரில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தா கிளப்புக்கு ஏன் இந்தப் பதற்றம் என்கிறீர்களா? பெரியப்பா 1970-களில் வேலைக்காகக் கொல்கத்தா போனவர். லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் தங்கும் மெஸ்ஸில் இருந்தார். அங்கே ஒட்டிக்கொண்ட சிவப்பு - மஞ்சள் சட்டைப் பாசம் இன்னும் போகவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தது விவாதம். ஈஸ்ட் பெங்காலின் 'விங்' ஆட்டக்காரர்களில் பெஸ்ட் யார்?

பஞ்ச பாண்டவர் காலம்

1920-ல் தொடங்கிய கிளப் அது. பெரியப்பா பிறப்பதற்கு முன்பே, 1949 முதல் 1953 வரை ஒரு முன்வரிசை கொல்கத்தாவைக் கலக்கியது. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். ரசிகர்கள் வைத்த பெயர் 'பஞ்ச பாண்டவர்'.

அப்போது ஐந்து பேர் முன்னால் நிற்கும் ஆட்டமுறை. வலது கோடியில் வெங்கடேஷ், இடது கோடியில் கேரளத்து சாலே. வெள்ளைக்கோட்டை ஒட்டி ஓடிப்போய், நடுவில் நிற்பவருக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதுதான் ஓரத்துக்காரர்களின் வேலை. பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலில் ஆடுவதும் அந்தக் காலத்தில் சகஜம். 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஐ.எஃப்.ஏ ஷீல்டு இவர்கள் கையில். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் வெங்கடேஷ், சாலே, அகமது கான் இருந்தார்கள்.

பெரியப்பாவின் ஓட்டு இவர்களுக்கு இல்லை. "நான் பார்க்கலியே! மெஸ்ஸுல பெரியவங்க சொல்லக் கேட்டதுதான்."

தமிழ்த் தாய் பெற்ற பலராம்

அடுத்த பெயர் வந்ததும் திண்ணை கொஞ்சம் அமைதியானது. துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே அம்முகூடாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா பெயர் முத்தம்மா. வறுமை. இவருடைய ஆட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர் ரஹீம், பயிற்சிக்கு வந்துபோக சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்து வளர்த்தார்.

1957-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1961-ல் கேப்டன். அந்த வருடம் கொல்கத்தா லீக்கில் 23 கோல் அடித்து, கிளப்புக்குப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார். நடுவிலும் ஆடுவார், இடது ஓரத்திலும் ஆடுவார். இந்திய அணியில் வலது ஓரம் பி.கே.பானர்ஜி, உள்ளே சுனி கோஸ்வாமி, இடது ஓரம் பலராம். இந்த மூவர் கூட்டணியோடுதான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா இறங்கியது. ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றோம். அந்த ஒரு கோல் பலராமுடையது. பெருவுக்கு எதிராக அடித்த ஒரே கோலும் அவருடையதே. 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம்.

பிறகு நுரையீரல் நோய் வந்து, இருபத்தாறு இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்தை விட்டார். அர்ஜுனா விருது கிடைத்தது. பி.கே-வுக்கும் சுனிக்கும் கிடைத்த பத்மஸ்ரீ, கடைசிவரை பலராமுக்குக் கிடைக்கவே இல்லை. திருமணம் செய்துகொள்ளாமல், ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்தார். 2023 பிப்ரவரி 16-ல், 86 வயதில் காலமானார்.

பெரியப்பாவின் ஹீரோ

"பார்த்ததுல பெஸ்ட், சுர்ஜித்துதான்!" பெரியப்பா அடித்துச் சொன்ன பெயர் சுர்ஜித் சென்குப்தா. வலது ஓரம். பந்து காலில் ஒட்டிக்கொண்டே வரும். ஆளை இடித்துத் தள்ளாமல், உடம்பை வளைத்துத் தாண்டிப்போவார்.

1970 முதல் 75 வரை தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம் வென்ற பொற்காலம் அது. 1975 செப்டம்பர் 30, ஐ.எஃப்.ஏ ஷீல்டு இறுதிப்போட்டி. மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது ஈஸ்ட் பெங்கால். முதல் கோல் சுர்ஜித்! ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கொல்கத்தா மார்க்கெட்டில் ஹில்சா மீன் விலை ஏறும் என்பார்கள். அன்று மெஸ்ஸில் சைவச் சாப்பாடுதான், ஆனாலும் சந்தோஷத்துக்குக் குறைவில்லை என்றார் பெரியப்பா.

அதே காலத்தின் இன்னொரு ஓரத்துக்காரர் சுபாஷ் பௌமிக். சுர்ஜித் நெளிந்து போனால், இவர் முட்டி மோதிப் போவார். இவருக்கு இரண்டாவது வாழ்க்கையும் இருந்தது. 2003-ல் ஜகார்த்தாவில், தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவை 3-1 என்று வீழ்த்தி ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கோப்பையை வென்றபோது, பயிற்சியாளர் அவர்தான். மூன்றாவது கோலை அடித்தவர் கோவாவின் இடது கால் மன்னன் ஆல்விட்டோ டி'குன்ஹா. என் சித்தப்பாவின் ஓட்டு ஆல்விட்டோவுக்கு!

பௌமிக் 2022 ஜனவரி 22-ல் போனார். 26 நாள் கழித்து, பிப்ரவரி 17-ல் சுர்ஜித். அடுத்த வருடம் அதே பிப்ரவரியில் பலராம். 13 மாதத்துக்குள் மூன்று பேர். பேப்பரில் வந்த அந்த மூன்று செய்திகளையும் பெரியப்பா வெட்டி, டைரியில் வைத்திருக்கிறார்.

என் ஓட்டு

சிறுசுகளின் கட்சி நந்தாதான். ஓரத்துக்காரரின் வேலையும் இப்போது மாறிவிட்டது. அன்று கோட்டை ஒட்டி ஓடிப் பந்தைத் தூக்கிப் போட வேண்டும். இன்று உள்ளே வெட்டி நேராகக் கோலுக்கு அடிக்க வேண்டும். பந்து பறிபோனால் திரும்ப ஓடித் தடுக்கவும் வேண்டும். நெதர்லாந்தின் ராபன் உலகத்துக்கே காட்டிய அதே வெட்டைத்தான் அன்று சால்ட் லேக்கில் நந்தா வெட்டினார்.

சென்னை சிட்டியில் ஆடி, ஒடிசா போய், 2023-ல் ஈஸ்ட் பெங்கால் வந்தவர். அதே டூராண்ட் அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் 7-வது நிமிடத்தில் சமன் கோல் போட்டார். இறுதியில் மோகன் பகானிடம் 0-1 என்று தோற்றது வேறு கதை. ஆனால் 2024 ஜனவரியில், புவனேஸ்வர் சூப்பர் கோப்பையில் மோகன் பகானை 3-1 என்று ஜெயித்த ஆட்டத்திலும் நந்தா கோல். 28-ம் தேதி இறுதிப்போட்டியில் ஒடிசாவுக்கு எதிராகவும் நந்தா கோல். 3-2 வெற்றி. 12 வருடம் கழித்து கிளப்புக்கு ஒரு தேசியக் கோப்பை!

"ரெண்டு மூணு கோலை வெச்சு சுர்ஜித்தோட சேர்க்காத" என்று பெரியப்பா முறைத்தார். நியாயம்தான். விவாதம் முடியவில்லை.

படுக்கப்போகும் முன் டைரியை எடுத்தார். பலராம் செய்தி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, 'நந்தகுமார், வியாசர்பாடி' என்று எழுதினார். பலராம் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால், அவரும் அந்த கோலைப் பார்த்திருப்பார்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் யாருக்கு ஓட்டு?