புகைமூட்டமும் செயற்கைக்கோளும்: கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் அறிய வேண்டியவை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வறண்ட மாதங்களில் கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை கவியும் புகைமூட்டம் எங்கிருந்து எழுகிறது என்பதற்குச் செயற்கைக்கோள்களே இன்று முதற்சாட்சியாக விளங்குகின்றன. அச்சாட்சியின் வலிமையையும் வரம்பையும் அறிந்த மக்களே சட்டம் தரும் பாதுகாப்பை முழுமையாகக் கேட்டுப் பெற முடியும்.

நிலத்திலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து, சுற்றுப்புறத்தைவிட மிகுந்த வெப்பமுள்ள இடங்களைச் செயற்கைக்கோள்கள் பிரித்தறிகின்றன. வெப்பப் புள்ளிகள் எனப்படும் இவற்றைச் சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையம் தொகுத்து வெளியிடுகிறது. எனினும், மேகம் மறைத்தாலும், செயற்கைக்கோள் கடப்பதற்குள் தீ அணைந்தாலும் புள்ளி பதிவாகாது. பதிவானாலும், தீ வைத்தவர் யார் என்பதை அது சொல்லாது. கிள்ளானையடுத்த ஜொகான் செத்தியாவில் உள்ளதுபோன்ற காம்புட் நிலம், அதாவது முற்றும் மட்காத தாவரப் பொருள்கள் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண் நிலம், நீர் வடிந்து உலர்ந்தபின் தீப்பற்றினால், தீ மண்ணுக்கடியில் கனன்று பரவுவதால், புகை மிகுந்தும் மேற்பரப்பில் வெப்பம் குறைந்தும் இருந்து, விண்ணின் பார்வைக்குத் தப்பிவிடக்கூடும்.

2005 ஆகஸ்ட் 11 அன்று புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடாகிய ஐ.பி.யு. 500ஐக் கடந்ததால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. குறியீடு 100ஐத் தாண்டினால் காற்று உடல்நலத்திற்கு ஒவ்வாதது. 200ஐத் தாண்டினால் மிகவும் ஒவ்வாதது. 300ஐத் தாண்டினால் அபாயகரமானது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்வதால், குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவும் இதய நோயும் உள்ளவர்கள் வீட்டினுள் தங்குவதும், வெளியே செல்ல நேர்ந்தால் என்95 முகக்கவசம் அணிவதும் இன்றியமையாதவை.

அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் மாசற்ற சூழலில் வாழும் உரிமையும் அடங்கும் என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் விளக்கினார். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்கிறது. 29பி பிரிவோ, தீ மூட்டியவர் பிடிபடாவிட்டாலும் நிலத்தின் உரிமையாளரையோ அனுபவிப்பவரையோ பொறுப்பாக்குகிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டத்தொகை மேலும் உயர்த்தப்பட்டது. தகனத்திற்கும் சமயச் சடங்குகளுக்கும் இச்சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட 2003ஆம் ஆண்டு ஆணையில் இடமுண்டு. தோட்டக்குப்பையை எரித்துத் தள்ளுவதற்கு அதைச் சாக்காகக் காட்ட முடியாது.

ஆகவே, எரிப்பைக் காண்பவர்கள் இடம், நாள், நேரம், புகைப்படம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். தீ பரவினால் உடனே 999ஐ அழைக்க வேண்டும். எல்லை தாண்டிவரும் புகைக்கென 2002இல் கோலாலம்பூரிலேயே கையெழுத்தான ஆசியான் ஒப்பந்தம், மீறும் நாட்டுக்குத் தண்டனை எதையும் விதிக்காததால் வலுக்குன்றியே நிற்கிறது. அந்தக் குறையைப் போக்குமாறு அரசை வற்புறுத்துவதும், உள்ளூர்த் தீயைத் தயங்காமல் புகார் செய்வதும் மக்களின் உரிமை மட்டுமல்ல, அதே காற்றைச் சுவாசிக்கும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமையும் ஆகும்.