துவரை தரும் நீர். துவரை பறிக்கும் நீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் தென் கர்நாடகத்திலும் மானாவாரி நிலங்களில் கேழ்வரகுடன் துவரையைச் சேர்த்து விதைப்பது நெடுங்கால வழக்கம். மழை பொய்த்து ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது உழவர்களின் கணக்கு. ஒரே மழையை நம்பி வளரும் இரு பயிர்கள் நீருக்காகப் போட்டியிடாதா என்ற கேள்வி எழக்கூடும். போட்டியும் உண்டு, பகிர்வும் உண்டு என்பதே விடை.

கேழ்வரகின் சல்லிவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. துவரையின் ஆணிவேரோ ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கி, கேழ்வரகுக்கு எட்டாத ஈரத்தை எடுக்கிறது. காலமும் வேறுபடுகிறது. கேழ்வரகு ஏறத்தாழ 4 மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும். தொடக்கத்தில் மெதுவாக வளரும் நீண்டகாலத் துவரை, அதன் பிறகே முழு வீச்சில் நீரைக் கோரும்.

இதனினும் வியப்பானது இரவில் நிகழ்கிறது. பகலில் இலைகள் நீரை மேல்நோக்கி இழுக்கின்றன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும்போது, ஆழ்வேர் எடுத்த நீரின் ஒரு பகுதி பக்கவேர்கள் வழியே வறண்ட மேல்மண்ணில் கசிகிறது. அமெரிக்க வறண்ட நிலப் புதர் ஒன்றில் இதனை ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற இருவர் 1987-இல் விளக்கினர். துவரையிலும் இது நிகழ்வதையும், அந்த நீர் அருகிலுள்ள கேழ்வரகு வறட்சியைத் தாங்க உதவுவதையும் தொட்டிச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆனால், இதை இலவசப் பாசனமாகக் கருதிவிடக் கூடாது. கசியும் நீர் சிறிதளவே. அது பயிரை உயிருடன் வைத்திருக்கலாம். விளைச்சலைப் பெருக்கும் என எதிர்பார்க்க முடியாது. அடியில் பாறை இருந்தாலோ, அடிமண்ணும் வறண்டிருந்தாலோ துவரையும் மேல்மண் ஈரத்துக்கே போட்டியிடும். நெருக்கி விதைத்தால் நிழலும் சேர்ந்து கேழ்வரகை நலியச் செய்யும். 8 வரிசை கேழ்வரகுக்கு 2 வரிசை துவரை என்ற பரிந்துரை இந்தப் போட்டியை மட்டுப்படுத்துகிறது.

எனவே, ஊடுபயிர் இடுங்கள் என்று பொதுவாக அறிவுரை கூறுவது போதாது என்பது என் கருத்து. மண்ணின் ஆழம் எவ்வளவு, அடியில் ஈரம் தங்குமா, எத்தனை வரிசைக்கு எத்தனை வரிசை என்பதை வேளாண் துறை ஊருக்கு ஊர் ஆராய்ந்து, விதைப்புக்கு முன்பே சொல்ல வேண்டும். கிணறு இல்லாத சிறு விவசாயிக்கு ஒரு பருவம் பொய்த்தால், அடுத்த விதைப்புக்கே கடன் வாங்க நேரிடும். அவருடைய நிலத்தில் துவரை துணையாகுமா, போட்டியாகுமா என்பது விதைத்த பிறகு தெரிந்து பயனில்லை.