விளிம்புடைத் தோட்டாவும் தானியங்கு கைத்துப்பாக்கியும்

ஆங்கிலச் சினிமாப் படங்களில் ‘டெசேட் ஈகிள்’ என்னும் பருத்த கைத்துப்பாக்கியைக் கண்டிராத மாணவர் இன்று அரியர். அதன் பருமனைக் கண்டு வியப்போர், அப்பருமன் எதனால் வந்தது என்று வினவுவதில்லை. விடை தோட்டாவின் அடியிலுள்ள ஒரு சிறு விளிம்பிலும், அதனுள் அடைபட்ட வாயுவின் அமுக்கத்திலும் இருக்கின்றது.

கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இருவகையின. றிவோல்வரில் ஐந்தாறு அறைகள் கொண்ட உருளையொன்று சுழலும். அதனைச் சுழற்றுவது சுடுவோனின் விரல் வலிமையே. அரைத் தானியங்கியான பிஸ்டலிலோ, வெடித்த தோட்டாவின் சக்தியே வெறுங்கோதை வெளியே எறிந்து, கைப்பிடியினுள் இருக்கும் தோட்டாக் கூட்டிலிருந்து அடுத்ததை ஏற்றிவிடும்.

றிவோல்வர்த் தோட்டாவின் அடியில் வெளியே நீண்ட விளிம்பு ஒன்று உண்டு. அது தோட்டா அறைக்குள் விழுந்துவிடாமல் தாங்கும். சுட்டபின் கோதுகளைத் தள்ளி வெளியேற்றவும் பிடிகொடுக்கும். ஆனால் தோட்டாக் கூட்டில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கும்போது அதே விளிம்பு பகையாகிவிடும். மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் அகப்பட்டால், முன்னே நகரமாட்டாது சிக்கிக்கொள்ளும். ஆதலால் பிஸ்டலுக்கென ஆக்கப்படும் தோட்டாக்கள் பொதுவாக விளிம்பு நீளாதவை.

.357 மக்னம் தோட்டா 1935ஆம் ஆண்டு வெளிவந்தது. பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கோதை ஏறத்தாழ எட்டிலொரு அங்குலம் நீட்டி மருந்தைப் பெருக்கியதே அது. (பெயரில் எண் வேறாயினும் குண்டின் விட்டம் இரண்டிற்கும் ஒன்றே, துப்பாக்கிக்காரரின் கணக்கு விசித்திரமானது!) .44 மக்னம் 1955இல் பிறந்தது. .45 பிஸ்டல் தோட்டாவுக்கு அனுமதிக்கப்படும் உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 21,000 இறாத்தல்; .357 மக்னத்துக்கோ 35,000. குண்டு குழலைவிட்டு நீங்கி அமுக்கம் தணியுமுன் பின்புறம் திறந்துகொண்டால் கோது வெடித்துச் சிதறும். எனவே பூட்டு உறுதியாகவும், தக்க கணம்வரை திறவாததாகவும் அமைதல் வேண்டும்.

இத்தொல்லைகளைச் சுற்றிப் போக முயன்றவர் கலிபோர்னியாவின் பசடீனா நகரத்து ஹரி சான்ஃபோட். அவர் 1971இல் வெளியிட்ட ‘ஓட்டோ மாக்’ துப்பாக்கிக்குத் தோட்டாவையே புதிதாக வகுத்தார். ரைபிள் கோதுகளை வெட்டிக் குறுக்கி, விளிம்பு நீளாத .44 தோட்டா செய்யப்பட்டது. பொறியியலில் அது நேர்வழி, வியாபாரத்திலோ படுகுழி. தொடக்கத்தில் தோட்டாவைக் கடையில் வாங்க முடியாமையால் வாங்கியோர் தாமே கோது வெட்டவேண்டியதாயிற்று. நிறுவனம் 1972இல் முறிந்தது.

மினசோட்டாவின் மக்னம் றிசேர்ச் நிறுவனத்தார் மறுவழியை நாடினர். எங்குங் கிடைக்கும் றிவோல்வர்த் தோட்டாவை அப்படியே வைத்துக்கொண்டு, துப்பாக்கியை அதற்கிணங்க ஆக்கினர். இஸ்ரவேல் இராணுவத் தொழிலகம் அதனைச் சீர்ப்படுத்தி உற்பத்தி செய்தது. அதுவே டெசேட் ஈகிள்.

இதன் அமைப்பைப் பௌதிக மாணவர் ஊன்றி நோக்குதல் தகும். சாதாரண பிஸ்டல்கள் பலவற்றில் குழலும், அதன் மேலுறையாகிய சிலைட்டும் பூட்டுண்டு சிறிது தூரம் சேர்ந்து பின்செல்லும். பிறகே குழல் தாழ்ந்து பிரியும். டெசேட் ஈகிளில் குழல் அசையாது. தோட்டா அறைக்குச் சற்று முன்னே குழலில் ஒரு துளையுண்டு. அதன்வழி நுழையும் வாயு குழலின் அடியிலுள்ள கால்வாயால் முன்னோக்கிச் சென்று, வாயருகே ஒரு சிறு முசலத்தைத் தள்ளுகிறது. முசலம் சிலைட்டைப் பின்தள்ள, அது பூட்டைச் சுழற்றித் திறக்கிறது. வாயு இவ்வாறு சுற்றிவருவதற்குள் குண்டு போயே போய்விடும். ரைபிளுக்குரிய இம்முறையைக் கையளவில் அடக்கியதால் நிறை ஏறத்தாழ 4 இறாத்தலாயிற்று. நெடுந்தோட்டாவினால் கைப்பிடியும் அகன்றது. கூட்டில் .357 தோட்டா ஒன்பதும் .44 தோட்டா எட்டும் கொள்ளும். இடுப்பில் நாள்முழுதும் சுமக்க இது ஏற்றதன்று. வேட்டைக்கும் இலக்குச் சூட்டுக்குமே தகும் என்பது என் கருத்து.

வாயுமுறையின்றியும் ஒருவர் வென்றார். டான் கூனன் என்பார், 1911இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட பிஸ்டலின் அமைப்பையே நீட்டி .357 மக்னத்துக்கு ஏற்றவாறு செய்தார். அது மெலிந்தது, எனக்கு அதுவே அழகியது.

டெசேட் ஈகிளுக்கு இரு பத்தியங்கள் உண்டு. உறையில்லா வெறும் ஈயக்குண்டு ஆகாது. சுரண்டப்படும் ஈயம் வாயுத்துளையை அடைத்துவிடும். .357 மக்னம் றிவோல்வரில் மலிவான .38 ஸ்பெஷல் தோட்டாவையிட்டுப் பழகலாம், விரலே உருளையைச் சுழற்றுவதால். இங்கோ அச்சிறு தோட்டாவின் வாயு முசலத்தை வேண்டிய அளவு தள்ளாது.