கத்தரிக்கு இரண்டு எதிரிகள்

பிள்ளைகளே, கோடை வந்தால் மல்வேர்னில் பல வீடுகளின் பின்வளவில் கத்தரிக்கன்று நிற்கும். ஒருநாள் காலையில் அம்மம்மா கூப்பிடுவார்: "இஞ்ச வந்து பாருங்கோ! இலையெல்லாம் ஓட்டை. ஆர் திண்டது?"

இலையைத் திருப்பிப் பாருங்கள். செம்மஞ்சள் முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றனவா? மஞ்சள் முதுகில் 10 கறுப்புக் கோடுகள் உள்ள வண்டு இருக்கிறதா? அதுதான் கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு. கத்தரியும் உருளைக்கிழங்கும் ஒரே தாவரக் குடும்பம். அதனால் இரண்டையும் அது தின்னும். அதன் சிவந்த புழுவும் இலையைத் தின்னும். இலை போனால் செடி எப்படி உணவு செய்யும்? காய் குறைந்துவிடும்.

"ஊரிலயும் கத்தரிக்குப் பூச்சி வாறது. ஆனா அது வேற" என்பார் அம்மம்மா. அது ஒரு சின்ன வெள்ளை அந்துப்பூச்சியின் புழு. முதலில் இளந்தண்டைத் துளைக்கும். தண்டு வாடித் தொங்கும். பிறகு காய்க்குள் போகும். காய் வெளியே பளபளப்பாக இருக்கும். வெட்டினால் உள்ளே புழு! அந்தக் காயை ஆர் வாங்குவினம்? கமக்காரரின் உழைப்பு வீணாகும்.

மருந்து அடித்தால் போதாதா? போதாது. ஊர்ப் புழு காய்க்குள் ஒளிந்திருக்கும். மருந்து அதில் படாது. கொலராடோ வண்டு வெளியில்தான் இருக்கும். ஆனால் பல மருந்துகள் இப்போது அதைக் கொல்வதில்லை. மருந்துக்குத் தப்பிய வண்டுகளின் குஞ்சுகளும் அந்த மருந்தைத் தாங்கும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? வண்டைக் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடலாம். முட்டைகளை நசுக்கலாம். வண்டு குளிர்காலத்தை மண்ணுக்குள் கழிக்கும். ஆகவே, அடுத்த வருடம் கத்தரியை வேறு இடத்தில் நடுவது நல்லது. ஊரிலோ வாடிய தண்டையும் துளை விழுந்த காயையும் வெட்டி அழிப்பார்கள்.

பூச்சிகள் பயணமும் செய்யும். 1859ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உருளைக்கிழங்கைத் தின்னத் தொடங்கிய வண்டு, பின்பு கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் போய்விட்டது. ஊர்ப் புழு கனடாவில் குடியேறவில்லை. அது இங்கே வரக்கூடாது, இல்லையா? அதனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டிக்குள் காய்கறியை ஒளித்து வைக்காதீர்கள். கொண்டுவந்தால், விமான நிலையத்தில் அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

பேசிப் பாருங்கள்
1. இரண்டு பூச்சிகளில் எதைக் கண்டுபிடிப்பது கடினம்? ஏன்?
2. ஊரில் கத்தரிக்கு என்ன பூச்சி வந்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.